தலை விழுந்தபோது சும்மா இருந்தேன், முத்தத்துக்கு ஏன் எழுந்தேன்?

உட்லண்ட்ஸ்_அம்மா கேட்டது:

போன சனிக்கிழமை நடந்தது. மகனுக்கு 19 வயது, இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவச் சேவையில் இருக்கிறான். வெள்ளி இரவு புக் அவுட் ஆகி, கேம்பிலிருந்து விடுப்பில் வந்தால் ஞாயிறு மாலை வரை டிவியும் அவனும்தான். அன்று 'விட்சர் 3' என்ற வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தான். நான் சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து இக்கான் பிலிஸ், அதுதான் நெத்திலிக் கருவாடு, சுத்தம் செய்துகொண்டிருந்தேன். தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிரித்து, கறுப்பை எடுத்துவிட்டுக் கிண்ணத்தில் போட வேண்டும். திரையில் அவனுடைய ஆள் வாளைச் சுழற்ற, எதிரில் நின்றவனின் தலை தனியாகப் போய் விழுந்தது. ரத்தம் பீய்ச்சியடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். "சத்தத்தைக் குறைப்பா, பாட்டி தூங்குறாங்க" என்றேன். அவ்வளவுதான், மறுபடி கிள்ள ஆரம்பித்துவிட்டேன்.

கால் மணி நேரம் கழித்து அதே ஆளும் ஒரு பெண்ணும் முத்தமிட்டார்கள், உடை விலகியது. கைகூடக் கழுவாமல் மீன் நாற்றத்தோடு எழுந்துபோய் ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டேன். அவன் கோபப்படவில்லை. "மா, தலை விழுந்தப்போ ஒன்னும் சொல்லலையே" என்று மட்டும் கேட்டான்.

என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரமாக மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. இவன் கேம்பில் நிஜத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவன். முதல் நாள் பை அடுக்கிக் கொடுத்தவள் நான்தான். சுடக் கற்றுக்கொள்ளலாம், இரண்டு பேர் ஆசையோடு நெருங்குவதைப் பார்க்கக் கூடாது என்றால் நான் அவனுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறேன்? இது என் கூச்சம் மட்டும்தானா, இல்லை இந்த விளையாட்டுகளுக்கு வயது முத்திரை குத்துகிறவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கன்ட்ரோலர்:

அக்கா, உங்கள் கூச்சம் மட்டும் இல்லை. 2007 நவம்பரில் நான் பாலிடெக்னிக் மாணவன். 'மாஸ் எஃபெக்ட்' என்ற கேம் வாங்குவதற்காகப் பகுதிநேர வேலைச் சம்பளத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். திடீரென்று சிங்கப்பூரில் தடை. ஒரு பெண்ணும் வேற்றுக்கிரகப் பெண்ணும் நெருங்கி முத்தமிடும் காட்சி ஒன்று இருந்ததுதான் காரணம். ஆட்டம் நெடுகச் சுட்டுத்தள்ளுவதுதான் வேலை, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சில நாட்களிலேயே தடையை நீக்கி எம்18 (18 வயதும் அதற்கு மேலும்) முத்திரையோடு விற்க விட்டார்கள். அடுத்த ஆண்டு விளையாட்டுகளுக்கென்றே வயதுவாரி முத்திரை முறையும் வந்தது. ஆனால் ஒன்று, அதே 2007இல் 'தி டார்க்னஸ்' என்ற ஆட்டத்துக்குத் தடை விழுந்ததற்கு மிதமிஞ்சிய வன்முறையும் ஒரு காரணம். அதனால் வன்முறையைக் கண்டுகொள்வதே இல்லை என்று சொன்னால் அது பொய். எவ்வளவு ரத்தம் ஓடினால் திரும்பிப் பார்க்கிறார்கள், எவ்வளவு தோல் தெரிந்தால் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அமெரிக்காவில் இன்னும் மோசம். 2004 அக்டோபரில் 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' என்ற ஆட்டம் வந்தது. தெருவில் போகிறவரை அடித்துக் கொன்று, கீழே சிதறும் பணத்தைப் பொறுக்கிக்கொள்ளலாம். அதற்கு 17 வயது முத்திரை. தயாரித்தவர்கள் ஒரு படுக்கையறைக் காட்சியை வேண்டாமென்று ஒதுக்கியபோது, அடியோடு அழிக்காமல் உள்ளேயே பூட்டி வைத்துவிட்டார்கள். 2005இல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் அந்தப் பூட்டைத் திறக்கும் நிரலை இணையத்தில் போட்டார். பொம்மை மாதிரி உருவங்கள், நாயகன் உடுப்பைக்கூடக் கழற்றவில்லை. ஜூலையில் முத்திரை 18 ஆகிவிட்டது. ஒரே ஒரு வயதுதான் கூடியது, ஆனால் அந்த முத்திரை விழுந்த ஆட்டத்தைப் பெரிய கடைகள் அடுக்குவதில்லை. பெட்டிகளை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்போது செனட்டராக இருந்த ஹிலாரி கிளின்டன் விசாரணை வேண்டும் என்றார். ஒன்பது மாதமாகக் கொலை நடந்துகொண்டிருந்த அதே வட்டுதான் அது.

அப்புறம், வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிபோர்னியா போட்ட சட்டத்தை 2011இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று ரத்து செய்தது. அதில் மாறுபட்டவர்களில் ஒருவர் நீதிபதி பிரையர். 13 வயதுப் பையனுக்கு நிர்வாணப் படம் உள்ள பத்திரிகையை விற்கக் கூடாது என்கிறோம், ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்து கொல்கிற விளையாட்டை விற்கலாம் என்கிறோம், இதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று கேட்டார். உங்கள் பையன் கேட்டதும் அதைத்தான்.

கடைசி_பெஞ்ச்:

நீங்கள் பதறியதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. இதே 'விட்சர்' வரிசையின் முதல் ஆட்டம் 2007இல் வந்தது. அதில் நாயகன் ஒரு பெண்ணோடு படுத்தால், அவள் படம் போட்ட அட்டை ஒன்று கிடைக்கும். சின்னப் பிள்ளைகள் கிரிக்கெட் வீரர் அட்டை சேர்ப்பார்களே, அந்த மாதிரி சேர்த்துக்கொண்டே போகலாம். அமெரிக்காவில் விற்பதற்காக அந்தப் படங்களில் மார்பை மறைத்து வரைந்து கொடுத்தார்கள். அட்டை சேர்ப்பதை மட்டும் யாரும் தொடவில்லை. ஒரு பெண்ணை ஜெயித்த பொருளாக்கி எண்ணிக்கையில் போடுவதுதானே அங்கே அசிங்கம்? முடியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டால் அது சரியாகிவிடுமா? மூன்றாவதில் அந்த மாதிரி அட்டை கிடையாது, நாயகனின் காதலிக்குச் சொந்த வேலையும் கோபமும் உண்டு. தெரிகிற தோலை மட்டும் அளந்து பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

டோர்ட்முண்ட்_பெடியன்:

நான் வளர்ந்தது ஜேர்மனியில். இங்கே கதை தலைகீழ். சோனா என்கிற சூட்டுக் குளியல் அறையில் ஆணும் பெண்ணும் உடுப்பில்லாமல் இருப்பது ஒரு விஷயமே இல்லை. ஆனால் 1998இல் 'ஹாஃப் லைஃப்' என்ற சுடும் ஆட்டம் வந்தபோது ஜேர்மன் பதிப்பில் மனிதச் சிப்பாய்களை எடுத்துவிட்டு ரோபோக்களை வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் ரோபோக்களைத்தான் சுட்டோம்.

ஒருநாள் சிநேகிதன் எங்கிருந்தோ ஆங்கிலப் பதிப்பைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் போட்டான். மனிதர்கள் கத்திக்கொண்டு விழுந்தார்கள். அப்பா இலங்கை யுத்தத்துக்குள் இருந்து வந்தவர். துவக்குச் சத்தம் கேட்டதும் குசினியிலிருந்து வந்தார். ஒன்றும் கதைக்கவில்லை. யன்னலைச் சாத்தினார், லைட்டை நூர்த்தார், இருட்டில் சுவரோடு ஒட்டி நின்றார். அதற்குப் பிறகு நான் ஹெட்ஃபோன் இல்லாமல் விளையாடியதில்லை.

படத்தில் முத்தக் காட்சி வந்தாலும் அப்பா எழும்பித் தண்ணீர் குடிக்கப் போவார். அது வேறு எழும்பல்.

உட்லண்ட்ஸ்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று மகன் வந்ததும் நானே பேச்சை எடுத்தேன். ஆட்டத்தில் வந்த அந்தப் பெண் யார், அந்த ஆளுக்கு என்ன உறவு என்று கேட்டேன். பத்து நிமிடம் நின்றபடியே கதை சொன்னான். இருபது வருஷத்துக்கு மேல் பழக்கமாம், ஆயிரம் சண்டையாம், எடுத்து வளர்த்த பெண்ணை இரண்டு பேருமாகத் தேடுகிறார்களாம். இவ்வளவு நேரம் இவன் என்னிடம் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது.

கடைசியில், "சரி, விளையாடு. பாட்டி கூடத்தில் இருக்கும்போது மட்டும் அந்தக் காட்சி வேண்டாம்" என்றேன்.

"வெட்டுறதும் வேணாமாம்மா?" என்றான்.

கொஞ்சம் யோசித்தேன். அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.