சர்ஃபாக்டன்ட்: ‘பரப்பேறி’ சரிவருமா?

வணக்கம்.

சோப்பைப் போல நீர்ப்பரப்பில் போய் அமரும் பொருள்களுக்கு ஆங்கிலத்தில் சர்ஃபாக்டன்ட் என்று பெயர். சோப்புச் சோதனைப் பாடத்துக்காக அதற்குக் கேட்ட தமிழ்ச் சொல்லுக்கு இதுவரை வந்தவை மூன்று: இழுவிசைக் குறைப்பான், பரப்பியங்கி, அழுக்குநீக்கி. முதலில் சோதனையையே பார்த்துவிடுவோம்.

அகலத் தட்டில் தண்ணீர், மேலே மிளகுத்தூள். சோப்புக் கரைசலில் நனைத்த குச்சியை நடுவில் வைத்ததும் தூள் விளிம்புக்குப் பாய்கிறது. ‘சோப்பு மிளகைத் தள்ளியது’ என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள். நடப்பது வேறு. நீரின் மேற்பரப்பு தன்னைத்தானே இறுக்கிப் பிடிக்கும் இழுப்புக்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். 20 டிகிரி செல்சியசில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 73 மில்லிநியூட்டன். சோப்பு பட்ட இடத்தில் அது 30-க்கு அருகே இறங்கிவிடுகிறது. சுற்றியுள்ள நீரோ பழைய பலத்தோடே இழுக்கிறது. வடம் இழுப்பதில் ஓர் அணி கையைத் தளர்த்திய கதைதான். நீர்ப்பரப்பு விளிம்புப் பக்கம் நகர, தூளும் கூடவே போகிறது.

அப்புறம் அதே குச்சியை மறுபடி வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒன்றும் நடக்காது. சோதனை சொதப்பிவிட்டது என்று தண்ணீரைக் கொட்டிவிடத் தோன்றும். என்னைக் கேட்டால் பாடத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பரப்பு முழுக்க சோப்பு மூலக்கூறுகள் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டன. இழுவிசை எங்கும் ஒரே அளவுக்கு இறங்கிவிட்டதால் தூளை இழுக்க ஆளில்லை. நாம் வைக்கும் சொல் இந்த இடம்பிடித்தலைச் சொல்ல வேண்டும்.

‘இழுவிசைக் குறைப்பான்’ விளைவை மட்டும் சொல்கிறது. சூடும் இழுவிசையைக் குறைக்கும். கொதிநிலையில் அது சுமார் 59தான். அதற்காகச் சூட்டையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதா? ‘அழுக்குநீக்கி’ நுரையீரலில் மாட்டிக்கொள்ளும். அங்குள்ள நுண்காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்ளாமல் காப்பதும் இதே வகைப் பொருள்தான். குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறுவதற்கு அது போதாமையே காரணம் என்று 1959-இல் மேரி எலன் ஆவெரி, ஜெரே மீடு என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அங்கே ஏது அழுக்கு? ‘பரப்பியங்கி’ பரவாயில்லை, ஆனால் ‘இயங்கி’ என்றதும் எனக்கு மோட்டார் ஞாபகம் வருகிறது.

என் பரிந்துரை பரப்பேறி. மரமேறி மாதிரி. இந்த மூலக்கூறின் தலை நீரை நாடும், வால் நீரை வெறுக்கும். ஆகவே அது பரப்பில் ஏறி, வாலைக் காற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ‘சோப்பை மேலிருந்துதானே விடுகிறோம், ஏறுவது எங்கே?’ என்று கேட்கலாம். பட்டியலில் பெயர் ஏறுகிறது, துணியில் சாயம் ஏறுகிறது, உயரம் கட்டாயமில்லை. எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடைப்பரப்புக்கும் இதே சொல் போதும். அயனிப் பரப்பேறி, அயனியிலாப் பரப்பேறி, நுரையீரல் பரப்பேறி என்று கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன.

ஒரே குறை, தட்டச்சில் ‘பரப்பேரி’ ஆகிவிடலாம். தண்ணீரைப் பற்றிய பாடத்தில் ஏரி வந்தால் மெய்ப்புப் பார்ப்பவர்கூடச் சந்தேகப்பட மாட்டார்! அது உறுத்தினால் ‘பரப்பமர்வி’ என்று வைக்கலாம். நாக்குக்குக் கொஞ்சம் கனம், பொருள் அதேதான். இரண்டில் எது என்று சொல்லுங்கள். இந்த மூலக்கூறுகள் நீருக்குள் கூடி உண்டாக்கும் திரளான மிசெல்லுக்கான சொல்லைத் தனி இழையில் பேசுவோம்.