கடன் வாங்கி காட்பாடியில் வீடா, இல்லை ரீட் (REIT) யூனிட்டா?

காட்பாடியில் விஐடிக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட் 45 லட்சத்துக்கு வருகிறது. கையில் 15 லட்சம்தான். மீதி 30 லட்சத்தை எட்டரை சதவீத வட்டியில் 20 வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணை 26,000. வாடகையோ 12,000 தாண்டாது. பார்க்கப் போனபோது குளியலறைச் சுவரில் ஓதம் ஏறி பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது, அது வேறு.

‘கடனே வேண்டாம், இருக்கிற பணத்துக்கு எம்பசி, மைண்ட்ஸ்பேஸ் மாதிரி ரீட் யூனிட் வாங்கு’ என்கிறான் மச்சான். ரீட் என்றால், பலருடைய பணத்தைத் திரட்டி அலுவலகக் கட்டடம் மாதிரி சொத்துகளில் போட்டு, வரும் வாடகையை யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துத் தரும் அமைப்பு. பிரித்துத் தரக்கூடிய பணத்தில் 90 சதவீதமாவது அது கட்டாயம் தந்தாக வேண்டும், சரி. ஆனால் யூனிட் விலை தினமும் ஏறி இறங்குமே! அம்மாவுக்கோ கண்ணுக்குத் தெரிகிற சுவர்தான் சொத்து.

வேலூர்ப் பக்கம் கடனில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டவர்கள், ரீட் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: வரி, பராமரிப்பு எல்லாம் போகக் கையில் என்ன நிற்கிறது?