பி.ஓ.டி 22 தான், ஆனாலும் ஓடையில் ஒட்சிசன் இல்லை

ஓடைக்கரை:
வணக்கம். களனி கங்கையில் போய்ச் சேரும் ஓடை ஒன்றுக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் வெளிநீர் விழுகிறது, நாளுக்குச் சுமார் 10,000 கன மீற்றர். லீற்றருக்கு பி.ஓ.டி (கழிவைச் சிதைக்கப் பற்றீரியா எடுக்கும் ஒட்சிசன்) 22 மி.கி, தொங்கல் திண்மம் (தண்ணீரில் கரையாமல் நிற்கும் துகள்) 35, அமோனியா நைதரசன் 25. மூன்றும் 2008 வர்த்தமானி எல்லைக்குள்தான் (30, 50, 50). வறட்சியில் ஓடையில் செக்கனுக்கு 1 கன மீற்றர்தான் ஓடுகிறது. விடியற்காலையில் குழாய்வாயிலுக்கு 50 மீற்றர் கீழே ஒட்சிசன் 5 மி.கி. 2 கிலோமீற்றர் தள்ளிப் பார்த்தால் 1.5. கீழே போகப் போகக் கூட வேண்டியது ஏன் குறைகிறது?

ஆய்வுகூடம்:
உங்கள் கண் பி.ஓ.டியில் நிற்கிறது, வில்லன் அமோனியா. ஒரு கிராம் அமோனியா நைதரசன் நைத்திரேற்றாக மாற 4.57 கிராம் ஒட்சிசன் வேண்டும். 25 மி.கி என்றால் லீற்றருக்கு 114 மி.கி, அதாவது பி.ஓ.டி காட்டுவதைப் போல ஐந்து மடங்கு. ஐந்து நாள் பி.ஓ.டி சோதனையில் இந்த மாற்றத்தை, அதாவது நைத்திரேற்றத்தை, தடுக்கும் மருந்தைப் போட்டிருந்தால் இதில் ஒரு துளியும் அறிக்கையில் தெரியாது. உங்கள் அறிக்கையில் அது போட்டதா என்று முதலில் கேளுங்கள்.

10,000 கன மீற்றர் என்பது செக்கனுக்கு 0.116. ஓடையோடு கலந்த பின் அமோனியா 2.6 மி.கி, அது கேட்கும் ஒட்சிசன் 12 மி.கி. 28 பாகையில் தண்ணீர் முழுதாக நிறைந்திருந்தாலும் 7.8 தான் தாங்கும். காற்றிலிருந்து ஏறுவது கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் பற்றீரியா மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால்தான் ஒட்சிசன் வாயிலருகே அல்ல, கீழே தள்ளித்தான் மிகக் குறைகிறது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலைக்கு மேலே ஓடை களனியில் சேர்கிறதென்றால் இன்னொரு சங்கடம்: குடிநீரில் ஒரு மி.கி அமோனியா நைதரசனைத் தீர்க்க 8 முதல் 10 மி.கி குளோரீன் போகும்.

சேறும் காற்றும்:
நிலையத்துக்குள் அமோனியா ஏன் மாறாமல் வருகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூன்று காரணம்.

காற்று: தொட்டியின் கடைசி மூலையில் ஒட்சிசன் 2 மி.கி இருக்க வேண்டும், காற்றடிக்கும் இயந்திரமான ஊதியின் பக்கத்தில் மட்டும் அளந்து திருப்திப்படக் கூடாது. மின்வெட்டில் ஊதி நிற்கும்போது ஜெனரேற்றர் அதை இழுக்கிறதா என்பதும் முக்கியம்.

சேற்றின் வயது (பற்றீரியாச் சேறு தொட்டியில் சராசரியாக நிற்கும் நாள்): நைத்திரேற்றப் பற்றீரியா மிக மெதுவாகப் பெருகும். தினமும் அளவுக்கு மிஞ்சிச் சேற்றை வெளியே எடுத்தால் அது கழுவுண்டு போகும். நம் சூட்டில் 8 நாளுக்குக் கீழே விடாதீர்கள். போன பிறகு திரும்ப வர வாரக்கணக்காகும்.

காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் சக்தி, கல்சியம் காபனேற்றுக் கணக்கில்): இதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஒரு கிராம் நைதரசன் மாற 7.14 கிராம் காரத்தன்மை கரையும். களனித் தண்ணீர் மென்னீர், இயல்பில் காரத்தன்மை குறைவு. அது தீர்ந்ததும் பி.எச் 6.5க்குக் கீழே இறங்கி வேலை வெகுவாக மந்தமாகிவிடும். லீற்றருக்கு 50 மி.கி பற்றாக்குறை என்றால் நாளுக்கு 840 கிலோ சோடியம் இருகாபனேற்று, இல்லாவிட்டால் சுமார் 370 கிலோ நீறிய சுண்ணாம்பு. காற்றில்லாத தொட்டி ஒன்று முன்னால் இருந்தால் கரைந்த காரத்தன்மையில் பாதி தானே திரும்பக் கிடைக்கும்.

ஒரு லீற்றர் அளவுச்சாடியில் தொட்டிக் கலவையை 30 நிமிடம் படியவிட்டு, தொடர்ந்து பாருங்கள். படிந்த சேறு ஒரு மணித்தியாலத்தில் குமிழியோடு (நைத்திரேற்று நைதரசன் வாயுவாவதால்) மிதந்து, சாடியைத் தட்டியதும் திரும்ப அமிழ்ந்தால் நைத்திரேற்றம் நடக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் அமோனியா இடைக்கிடை மட்டும் ஏறுகிறது. இரவில் கலி பவுசர்கள் (மலக்குழி உறிஞ்சும் லொறிகள்) மான்ஹோலில் கொட்டுகின்றனவா என்று விசாரியுங்கள். அசையாமல் கிடந்தால் மேலே சொன்ன மூன்றில் ஒன்று.

ஓடைக்கரை:
நன்றி. சாடி அசையாமல்தான் கிடக்கிறது, பி.எச் 6.3. மாதிரி எங்கே எடுக்க?

ஆய்வுகூடம்:
அப்போ காரத்தன்மையை முதலில் அளந்து பாருங்கள். ஓடையில் வாயிலுக்கு மேலே ஒன்று கட்டாயம், அது இல்லாமல் நிலையத்தைக் குற்றம் சொல்ல முடியாது. கீழே 500 மீற்றர், 2, 5 கிலோமீற்றரில், இரு கரையிலும் நடுவிலும். 50 மீற்றரில் சரியாகக் கலந்திருக்காது. விடியலில் ஒன்று, பின்னேரம் ஒன்று: பாசி பகலில் பி.எச்சை 8.5க்கு ஏற்றினால் அமோனியாவில் சுமார் 18 வீதம் மீனைக் கொல்லும் வடிவத்துக்கு மாறும், 7இல் ஒரு வீதம் கூட இல்லை. ஒட்சிசன் போத்தலைக் குமிழி இல்லாமல் நிரப்பி, ஒட்சிசனை நிலைநிறுத்தும் மருந்தை ஓடைக்கரையிலேயே அதற்குள் ஊற்றி மூடுங்கள். மற்றப் போத்தல்கள் ஐஸ் பெட்டியில்.