கொரோலா கார்: புதிய வானொலிச் செற் பூட்டிய பின் நிலையங்கள் அழிகின்றன, எஃப்எம்மும் இழுக்கவில்லை

புதுக்குடியிருப்புப் பயணி:
வணக்கம். எனது கொரோலாவில் ஜப்பானிலிருந்து வந்த கசெற் செற்றைக் கழற்றிவிட்டு, புளூடூத் வசதியுள்ள புதிய செற் ஒன்றைப் பூட்டுவித்தேன். திறப்பை எடுத்துவிட்டு மீண்டும் போட்டால் மணியும் சேமித்த நிலையங்களும் அழிந்துவிடுகின்றன. எஃப்எம்மில் மூன்று நான்கு நிலையங்களே வருகின்றன. செற்தான் பழுதா? திருப்பிக் கொடுப்பதற்கான தவணை முடியப்போவதால், தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லி உதவுங்கள்.

பரந்தன் வயரிங்:
உங்கள் கொரோலா 110 மொடலா, 121 மொடலா? காரின் சொக்கற்றில் செருகினீர்களா, வயரை வெட்டி முறுக்கினார்களா? பழைய செற்றில் அதே வீட்டு வாசலில் எத்தனை நிலையங்கள் கேட்டன? இவை தெரியாமல் எவராலும் சரியாகச் சொல்ல முடியாது.

மாங்குளத்து மூத்தவர்:
தம்பி, வாகன மின்வேலையின் அரிச்சுவடியைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பது நல்லது. நிலையங்கள் வராததற்குக் காரணம் செற் அல்ல, இடம். 2011 இல் திறந்த கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரம் ஏ9 வீதியோரம் நிற்கிறது. அதிலிருந்து கிழக்கே போகப் போக ஒலி மெலியும். ஏரியலுக்கு ஒரு பூஸ்டர் போடுங்கள், அவ்வளவுதான்.

நெடுங்கேணி ஆசிரியை:
ஐயா, நான் அவரை விடவும் ஒதுக்கான இடத்தில் இருக்கிறேன். எனது பழைய வானில் சாதாரணக் கம்பி ஏரியலோடு பத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் தெளிவாகக் கேட்கின்றன. இடத்தைக் குறை சொல்வதற்கு முன், பழைய செற்றில் எப்படிக் கேட்டது என்ற பரந்தன் தம்பியின் கேள்விக்குப் பதில் வரட்டும்.

புதுக்குடியிருப்புப் பயணி:
110. பழைய செற்றில் நன்றாகவே கேட்டது. வயர்களை வெட்டி, முறுக்கி, ரேப் சுற்றியிருக்கிறார்கள். இப்போது வருகிற நிலையங்கள் எல்லாம் 87.5 இற்கும் 92 இற்கும் இடையில் நெருங்கி நிற்கின்றன. வழக்கமாக 106 இல் கேட்கும் நிலையம் 90 இல் வருகிறது. அதற்கு மேல் வெறும் இரைச்சல்.

பரந்தன் வயரிங்:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். உங்கள் செற் பழுதில்லை. ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை முன்பு 76 இலிருந்து 90 மெகாஹேட்ஸ் வரை இருந்ததால், அங்கிருந்து வந்த பழைய செற்றால் நமது 87.5 முதல் 108 வரையான அலைவரிசையில் தொடக்கத்தை மட்டுமே பிடிக்க முடியும். ஆகவே இங்கு வந்ததும் ஏரியல் வயருக்கும் செற்றுக்கும் நடுவில் கொன்வேட்டர் என்ற சிறிய பெட்டியைப் பூட்டி, எல்லா நிலையங்களையும் கீழே இறக்கிவிடுவார்கள். 106 உங்களுக்கு 90 இல் வருகிறது என்றால், அந்தப் பெட்டி இன்னமும் டாஷ்போட்டுக்குப் பின்னால் இருந்து 16 மெகாஹேட்ஸ் இறக்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் புதிய செற் 87.5 இல் தொடங்குவதால், உண்மையில் 103.5 இற்கு மேலுள்ள நிலையங்கள் மட்டுமே அதற்குள் விழுகின்றன. பெட்டியைக் கழற்றி, ஏரியல் முனையை நேரடியாகச் செற்றில் செருகுங்கள்.

மணி அழிவது வேறு விடயம். புதிய செற்றில் மஞ்சள் வயர்தான் எந்நேரமும் மின் வரவேண்டிய முதன்மை வயர், சிவப்பு, திறப்பைத் திருப்பும்போது செற்றை எழுப்புவதற்கு, கறுப்பு எர்த். ரொயோட்டாவின் பக்கத்தில் இவற்றுக்கு இணையானவை முறையே நீலத்தில் மஞ்சள் கோடுள்ளது, சாம்பல், மண்ணிறம். மஞ்சளுக்கு மின் வராவிட்டால் பெரும்பாலான செற்கள் எழும்பவே மாட்டா. உங்களுடையது எழும்புகிறது என்பதால், மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துச் சாம்பலில் முறுக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வேலை தெரிந்த ஒருவர் அப்படிச் செய்வதற்குக் காரணம், நீல வயரில் மின் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். காரின் கூரை விளக்கு எரிகிறதா?

மாங்குளத்து மூத்தவர்:
கூரை விளக்குக்கும் செற்றுக்கும் என்ன தொடர்பு? முறுக்கிய இணைப்பு கழன்றிருக்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் தீரும். சரியான வேலைக்காரன் எப்போதும் ஈயம்தான் வைப்பான்.

பரந்தன் வயரிங்:
பழைய ரொயோட்டாக்கள் பலவற்றில் கூரை விளக்குக்கும் செற்றின் நினைவகத்துக்கும் டோம் என்று எழுதிய ஒரே பியூஸிலிருந்துதான் மின் போகிறது. பழைய செற்றைக் கழற்றும்போது பற்றறியைக் கழற்றாமல் அந்த நீல வயரை வெட்டினால், அது காரின் உலோக உடம்பில் முட்டி பியூஸ் போய்விடும்.

நெடுங்கேணி ஆசிரியை:
ஈயத்தைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு. ஈயம் வைத்த இடத்தில் வயர் விறைத்துவிடுகிறது. குன்றும் குழியுமான வீதியில் ஓடும் வாகனத்தில் அந்த விளிம்பில்தான் அது முறியும்.

மாங்குளத்து மூத்தவர்:
முறிவது ஈயத்தால் அல்ல, வயரை ஓரிடத்திலும் கட்டாமல் தொங்கவிடுவதால். வன்னி வெயிலில் நிறுத்திய காருக்குள் ரேப்பின் பசை உருகி வழிவதை எத்தனை வாகனங்களில் பார்த்திருப்பேன்! ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு, டாஷ்போட் சட்டத்தோடு கட்டிவிட்டால் அது காருள்ளவரை இருக்கும்.

பரந்தன் வயரிங்:
கட்டவேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலில் வெட்டவே கூடாது. ரொயோட்டாவின் பத்து ஊசி, ஆறு ஊசிச் சொக்கற்றுகளுக்குப் பொருந்தும் இணைப்பு வயர் தனியாக விற்கிறார்கள். அதன் மறுமுனையைப் புதிய செற்றின் வயர்களோடு மேசையில் வைத்தே ஆறுதலாக இணைத்துவிட்டு, காரில் செருகினால் போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரின் எந்த வயரையும் உடம்போடு எர்த் செய்துவிடாதீர்கள். புதிய செற்றின் ஒலிபெருக்கிச் சிப் அதனால் எரிந்துபோகக்கூடும்.

புதுக்குடியிருப்புப் பயணி:
கூரை விளக்கு எரியவில்லை. குமிழ் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். டோம் பியூஸ் எரிந்திருந்தது. மூடியில் எழுதியிருந்த அதே அம்பியரில் வேறொன்று போட்டு, மஞ்சளைப் பிரித்து நீல வயரில் கொடுத்தபின் மணி அழியவில்லை. கொன்வேட்டரும் உள்ளேதான் இருந்தது, எடுத்துவிட்டோம். 106 இப்போது 106 இல் கேட்கிறது. நன்றி.

வவுனியா புதியவன்:
எனது நிசான் சணியிலும் இதே குறை இருக்கிறது. செற்றின் இருபுறமும் விரல் நுழையுமளவுக்கு இடைவெளியும் தெரிகிறது. அந்த இடைவெளியை மறைக்கும் சட்டம் எங்கே கிடைக்கும்?

பரந்தன் வயரிங்:
சணியின் எந்த மொடல்? இடைவெளி ஒவ்வொரு பக்கமும் எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து எழுதுங்கள். ரொயோட்டாவில் செற் பூட்டும் வாய் 200 மில்லிமீற்றர் அகலம், பொதுவான செற் ஏறத்தாழ 180. அதற்கான பக்கச் சட்டம் உங்கள் வாகனத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.