கிளமிடியா தொற்று ஏன் மீண்டும் வருகிறது?

கேள்வி: பாலுறவால் பரவும் பாக்டீரியாத் தொற்றான கிளமிடியாவுக்கு மருந்து உட்கொண்டு குணமான பெண்ணுக்கு அதே தொற்று மீண்டும் வருவது ஏன்? உடலில் எதிர்ப்பாற்றல் உருவாகாதா?

மறுமொழி: உருவாகும், ஆனால் அது அரைகுறையானது, நெடுநாள் நிலைப்பதுமில்லை. இந்தப் பாக்டீரியா கருப்பைவாய்ச் செல்களுக்குள் ஒரு சிறு பையில் ஒளிந்து பெருகுவதால், எதிர்ப்பொருள்கள் அதை எட்டுவது அரிது. முக்கியப் பணியைச் செய்பவை டி செல்கள் என்னும் வெள்ளையணுக்களே. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்னும் புரதம், செல்லுக்குள் இருக்கும் டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கச் செய்து, கிருமியைப் பட்டினி போடுகிறது.

மறுமொழி: ஒன்றைச் சேர்க்க வேண்டும். யோனியில் லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியா குறைந்து வேறு சில பாக்டீரியாக்கள் மிகுந்தால், அவை வெளியிடும் இண்டோல் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு கிளமிடியா தனக்கான டிரிப்டோஃபானைத் தானே செய்துகொள்ளும். கெட்டிக்காரக் கிருமிதான்!

மறுமொழி: இந்தத் தொற்றால் கருக்குழாயில் தழும்பு விழுவதில் உடலின் அழற்சிக்கே பெரும் பங்கு உண்டு என்பதால், அறிகுறி இல்லையென்று விட்டுவிடாமல், இணையரும் சேர்ந்து சிகிச்சை பெற்று, சுமார் 3 மாதம் கழித்து மறுபரிசோதனை செய்துகொள்வது நல்லது.