தீம் பார்க் கணக்கு உதைக்கிறது, எதை வெட்டலாம்?

பள்ளி விடுமுறையில் ஒரு வார இறுதிக்குத் தீம் பார்க் போகலாம் என்று கணக்குப் போட்டால், எப்படிச் சுற்றினாலும் ஒதுக்கிய தொகையைவிடக் கால் பங்கு கூடுதலாகவே வந்து நிற்கிறது. இரண்டு பெரியவர்கள், ஒன்பது வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண். அவள் உயரம் 106 செ.மீ., 120 கேட்கும் ரைடு எதிலும் ஏற்ற மாட்டார்கள், ஆனால் டிக்கெட் மட்டும் எடுத்தாக வேண்டும்.

தேதிக்குத் தேதி விலை மாறுவதால் சனி, ஞாயிறை விட்டு வெள்ளி, சனிக்கு மாற்றினேன், கொஞ்சம் இறங்கியது. பார்க்கை ஒட்டிய ஹோட்டலுக்குப் பதில் தள்ளி ஒன்று பார்த்தேன். அறை வாடகை பாதிதான், ஆனால் போக வர டாக்ஸி, அப்புறம் காலைச் சாப்பாடும் தனி, கூட்டிப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டார்களாம், காலி பாட்டில் கொண்டுபோய்த் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். ரைடில் எடுத்துத் தரும் போட்டோவைச் செலவுப் பட்டியலிலிருந்து ஏற்கெனவே அடித்துவிட்டேன் (பையனுக்கு இன்னும் தெரியாது).

மிஞ்சியிருப்பது வரிசையைத் தாண்டும் பாஸ். நான்கு பேருக்கும் எடுத்தால் கிட்டத்தட்ட இன்னொரு நாள் டிக்கெட் செலவு, சின்னவளுக்கு அதில் பாதி ரைடு உதவாது. ஒருவர் சின்னவளைப் பார்த்துக்கொள்ள, பெற்றோர் மாறி மாறி ஏறிக்கொள்ளும் வசதி இருக்கிறது, ஆனால் முதலில் ஒருவராவது முழு வரிசையும் நிற்க வேண்டும்.

சின்னக் குழந்தையோடு விடுமுறைக் கூட்டத்தில் போனவர்கள் சொல்லுங்கள்: பாஸை அடியோடு விட்டுவிட்டு, கதவு திறக்கும்போதே உள்ளே போய்ப் பெரிய ரைடுகளை முதலில் முடித்துக்கொண்டால் சமாளிக்க முடியுமா?