விடுதி அறைக்கு லஞ்சம்: அடுத்து எங்கே புகார்?

நாங்கள் தென்னாப்பிரிக்காவில், ஸ்டாங்கரில் இருக்கிறோம். மகள் டர்பனில் பல்கலைக்கழகம், இரண்டாம் ஆண்டு. பிப்ரவரியில் விடுதி அறை உறுதி என்று கடிதம் வந்தது. சாவி வாங்கப் போனால் அதிகாரி ஒருவர் 4,000 ரேண்ட் ரொக்கமாகக் கேட்டார். கொடுக்கவில்லை. மறுநாளே பட்டியலில் அவள் பெயர் இல்லை. இப்போது தினமும் டாக்சி மாறி மாறிப் போகிறாள், இருட்டிய பிறகுதான் வீடு. பெற்ற வயிறு பதறுகிறது.

விடுதி அலுவலகத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினோம். பதிவாளரையும் பார்த்தோம், "ஆதாரம் எங்கே" என்கிறார். அந்த அதிகாரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி பத்திரமாக இருக்கிறது. அப்புறம் 2000ஆம் ஆண்டுத் தகவல் பெறும் சட்டப்படி ஒதுக்கீட்டுப் பட்டியலைக் கேட்டோம். 30 நாள் கெடு தாண்டியும் பதில் இல்லை.

இனி முதலில் இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டரிடம் (தகவல் தர மறுத்தால் புகார் கேட்கும் அமைப்பு) போவதா, பப்ளிக் ப்ரொடெக்டரிடமா (அரசு, பொது நிறுவன முறைகேடுகளை விசாரிக்கும் அமைப்பு)?